முகம் யாரிடம் பேசுகிறது? முகபாவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்த மூன்றாம் ஆண்டில், அவரைப் பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாமாவுக்கு என் மேல் ஏதாவது கோபமா?" அப்பாவோ அவர் வரப்போகிறார் என்று காலையிலிருந்தே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் முக அசைவைக் குறைத்துவிட்டதால், அந்த மகிழ்ச்சியை அவர் முகம் வந்தவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து முகபாவங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். மருத்துவம் என் தொழில் இல்லை. நண்பர்களும், இதே நோயுள்ள பிற குடும்பத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு தருகிறேன்.

முகத்தை அசைப்பது எது?

கை, கால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகத்தசைகள் பெரும்பாலும் தோலை இழுக்கின்றன. அதனால்தான் மூட்டே இல்லாத நெற்றியும் கன்னமும் இத்தனை வடிவம் காட்டுகின்றன. இருபுறமும் காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து வெளிவந்து கிளைவிரிக்கும் முகநரம்பு, அதாவது ஏழாவது கபால நரம்பு, இவற்றை இயக்குகிறது. மெல்லும் தசைகளுக்கு வேறு நரம்பு உண்டு. ஆகவே சிரிக்க முடியாமல் போனவராலும் மெல்ல முடியும்.

பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் முக அசைவுகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார்கள். உதட்டோரம் மேலேறினால் 12, கன்னம் உயர்ந்தால் 6, புருவம் இறங்கினால் 4. இந்த முறையைப் பயன்படுத்துகிறவர் 12 என்று குறிக்க வேண்டுமே தவிர 'மகிழ்ச்சி' என்று எழுதக் கூடாது. அசைவு வேறு, அதன் பொருள் வேறு. கீழே வரும் பல குழப்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் வருபவை.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்கிறார்களே, உண்மைதானா?

பாதி உண்மை. மனத்தில் இருப்பது முகத்தில் வருகிறது என்பதை நாம் அறிவோம். எதிரே ஆள் இருப்பதாலும் அது வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

1979-ல் ராபர்ட் கிராட், ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற இருவர் அமெரிக்காவில் பவுலிங் விளையாடும் கூடத்தில் ஆட்டக்காரர்களின் முகங்களைக் கவனித்துக் குறித்தார்கள். பந்தை உருட்டிக் கட்டைகளை எல்லாம் வீழ்த்தியவர், அந்தக் கட்டைகளைப் பார்த்து நிற்கும் வரை பெரும்பாலும் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பியதும் சிரித்தார். மகிழ்ச்சி முன்பே வந்துவிட்டது. சிரிப்பு மட்டும் ஆளுக்காகக் காத்திருந்தது.

பவுலிங் வெறும் பொழுதுபோக்கு, பெரிய மகிழ்ச்சி என்றால் அடக்க முடியாதே என்று கேட்கலாம். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களின் காணொளிகளை ஸ்பானிய ஆய்வாளர்கள் இதே கேள்வியோடு பார்த்தார்கள். வீரர்கள் மேடைக்குப் பின்னால் காத்திருந்த நேரம், மேடையில் கூட்டத்தைப் பார்த்து நின்ற நேரம், நாட்டுப்பண் ஒலிக்கக் கொடியை நோக்கி நின்ற நேரம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வாழ்நாளின் பெருமகிழ்ச்சி மூன்று நேரத்திலும் இருந்திருக்கும். சிரிப்பு பெரும்பாலும் கூட்டத்தோடு முகம் கொடுத்த நேரத்தில்தான் இருந்தது.

அப்படியானால் யாருமில்லாத அறையில் ஏன் சிரிக்கிறோம்?

ஆலன் ஃப்ரிட்லண்ட் 1991-ல் இதைச் சோதித்தார். நகைச்சுவையான காணொளி ஒன்றைச் சிலர் தனியாகப் பார்த்தார்கள். சிலர் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். இன்னும் சிலர் தனியாக இருந்தாலும், அதே காணொளியை நண்பர் வேறு அறையில் பார்க்கிறார் என்று நம்பினார்கள். கன்னத்தில் பொருத்திய மின்முனைகள் காட்டியது இது: நண்பர் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் ஒன்றே சிரிப்பைக் கூட்டியது. எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள் என்று கேட்டபோது சொன்ன அளவில் அந்த வேறுபாடு இல்லை. தனியறையிலும் மனத்துக்குள் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறோம் போலும். தொலைபேசியில் பேசும்போது எதிரே ஆளில்லாமலே தலையாட்டுகிறோமே, அதைப் போல.

எல்லா முகபாவமும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். கசப்பு மருந்து நாக்கில் பட்டதும் சுளிக்கும் முகத்துக்குப் பார்வையாளர் தேவையில்லை.

பேசுகிறவரின் முகம் சரி. கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு என்ன வேலை?

பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கிறது. இதை எனக்குப் புரிய வைத்தவை கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவெலாஸ் குழுவினர் செய்த இரண்டு சோதனைகள்.

முதலாவது 1986-ல் வெளிவந்தது. விரலில் ஏற்கெனவே கட்டுப் போட்டிருக்கும் ஒருவர், கனமான தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வரும்போது அதே விரலில் போட்டுக்கொள்கிறார். அது நடிப்பு என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அடிபட்டவர் வலியோடு ஒருவரின் கண்ணைப் பார்த்தால், அவருடைய முகமும் 'ஐயோ' என்று தெளிவாகச் சுளிக்கிறது. அடிபட்டவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால், சுளிக்கத் தொடங்கிய முகம் சட்டென்று அடங்கிவிடுகிறது. பார்ப்பவர் உள்ளுக்குள் பதறியது இரண்டு முறையும் ஒன்றாகவே இருந்திருக்கும். "உன் வலி எனக்குத் தெரிகிறது" என்று சொல்ல முதல் முறை ஆள் இருந்தார், இரண்டாம் முறை இல்லை.

இரண்டாவது சோதனை 2000-ல் வந்தது. ஒருவர் தாம் மயிரிழையில் உயிர் தப்பிய கதையைச் சொல்கிறார். கேட்பவருக்கு ரகசியமாக ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது: கதையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எண்ணுகிறவரின் முகம் கதையோடு அசையாது, சரியான இடத்தில் புருவம் உயராது, பதறாது. விளைவு என்னவென்றால், கதை சொல்பவரின் கதையே கெட்டுப்போகிறது. முடிவு தடுமாறுகிறது. முடித்த பிறகும் மறுபடி விளக்கிக்கொண்டே போகிறார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் நாங்கள் சொன்ன கதைகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்திருந்தன. அலுவலகத்தில் நடந்தது, பேத்தி பள்ளியில் செய்தது எல்லாம் முதலில் கால் மணி நேரக் கதைகளாக இருந்தன. பிறகு இரண்டு வாக்கியமாயின. கடைசியில் "சாப்பிட்டீர்களா, மருந்து போட்டுக்கொண்டீர்களா" என்பதோடு நின்றன. அவர் கேட்காமல் இல்லை. அவர் முகத்திலிருந்து பதில் வராததால் எங்கள் வாய் தானாக அடங்கிவிட்டது.

உலகம் முழுவதும் முகபாவங்கள் ஒன்றுதானா?

நூறாண்டுக்கு மேலாக நடக்கும் வழக்கு இது. 1872-ல் சார்லஸ் டார்வின், முகபாவங்கள் மனித இனம் முழுமைக்கும் பொதுவானவை, விலங்குகளிடமிருந்து வழிவழியாக வந்தவை என்று எழுதினார். எக்மன் 1960-களின் பிற்பகுதியில் பாப்புவா நியூ கினியின் மலைகளில் வாழும் ஃபோரே மக்களிடம் போனார். ஒரு சிறு கதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் அமெரிக்கர்கள் எடுக்கும் படத்தையே அவர்களும் எடுத்தார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு என்ற புகழ்பெற்ற ஆறின் பட்டியல் இந்த வகை ஆய்வுகளால் நிலைபெற்றது. ஆனால் அந்த ஆய்விலேயே ஃபோரே மக்கள் அச்சத்தையும் வியப்பையும் பிரித்துக் காட்டவில்லை. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தச் சிறு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

2016-ல் கார்லோஸ் கிரிவெல்லி குழு அதே நாட்டின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கண்கள் விரிந்து வாய் பிளந்த முகத்தை நாம் அச்சம் என்போம். அங்கே இளைஞர்கள் அதை மிரட்டும் முகம் என்றார்கள்.

மறுபக்கச் சான்றும் வலுவானது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக் ஜூடோ போட்டியில் பார்வையற்ற வீரர்களின் முகங்களைப் பார்வையுள்ள வீரர்களின் முகங்களோடு டேவிட் மாட்சுமோட்டோ ஒப்பிட்டார். வெற்றியிலும் தோல்வியிலும் ஒரே தசைகள் அசைந்தன. இறுதிப் போட்டியில் தோற்று வெள்ளி வாங்கியவர்கள், பிறவியிலேயே பார்வையற்றவர்களும்கூட, பரிசளிப்பில் மரியாதைக்காகப் புன்னகைத்தார்கள். ஒரு முகத்தையும் பார்த்தறியாதவருக்கு இது எப்படி வந்தது? பார்த்துப் பழகியது என்று சொல்ல வழியில்லை.

என் முடிவு இதுதான்: தசைகளும் அவை சேர்ந்து அசையும் பழக்கமும் பொதுச்சொத்து. அவற்றை எப்போது, யார் முன்னால், எதற்குப் பயன்படுத்துவது என்பது ஊருக்கு ஊர் வேறு.

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளும் இந்த ஆறும் ஒன்றா?

இல்லை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்ற எட்டில், ஆறின் பட்டியலோடு ஏறத்தாழப் பொருந்துபவை பல உண்டு. பெருமிதத்துக்கு அங்கே இடமே இல்லை. சிரிப்பையும் மகிழ்ச்சியையும், அதாவது நகையையும் உவகையையும், இரண்டாகப் பிரித்தது எனக்கு மிகப் பிடித்த நுட்பம். மேலே சொன்ன பவுலிங் கூடத்தில் நடந்ததே அந்தப் பிரிவினைதான். அதோடு, மெய்ப்பாடு என்பது மெய் முழுவதிலும் படுவது. முகத்தோடு நிற்பதில்லை. இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி நாங்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமைப்படுவது இரண்டுக்கும் நியாயம் செய்யாது.

போலிச் சிரிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?

பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862-ல் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் புகைப்படம் எடுத்து வெளியிட்டார். உதட்டோரத்தை உயர்த்தும் தசையை நம் விருப்பப்படி இயக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் கட்டுப்படும் என்பது அவர் கருத்து. "கண் சிரிக்கிறதா என்று பாருங்கள்" என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. பின்னாளில் செய்த சோதனைகளில் பலரால் கண்ணையும் சேர்த்து வேண்டுமென்றே சிரிக்க முடிந்தது. எனவே அது உறுதியான அடையாளம் அல்ல.

இரண்டு வகைச் சிரிப்புக்கும் மூளையில் தனித்தனிப் பாதை உண்டு என்பது மட்டும் உண்மை. பக்கவாதம் வந்த சிலரிடம் "சிரியுங்கள்" என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. அவரே வேடிக்கையான ஒன்றைக் கேட்டுச் சிரிக்கும்போது இருபுறமும் மலரும். நேர்மாறான நோயாளிகளும் உண்டு.

ஆனால் 'போலி' என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. மனம் சரியில்லாத நாளிலும் வீட்டுக்கு வந்தவரைப் புன்முறுவலோடு "வாருங்கள்" என்று அழைப்பதில் பொய் எதுவும் இல்லை. உங்களை மதிக்கிறேன் என்று அந்தப் புன்னகை சொல்கிறது. அது உண்மைதானே.

முகத்தை வைத்துப் பொய்யரைப் பிடிக்கலாமா?

முடியாது. முடியும் என்று பயிற்சி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். பொய்யை இனங்காணும் திறன் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் கணக்கிட்டபோது, மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையையும் முகத்தையும் கவனித்து ஆபத்தானவரைக் கண்டறிய ஒரு திட்டம் 2007 முதல் நடந்தது. ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவான பிறகு, 2013-ல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு, இது பயன் தருகிறது என்பதற்குச் சான்றில்லை என்று கூறி நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. பதற்றம் பொய்யருக்கும் வரும், சந்தேகிக்கப்பட்ட நேர்மையானவருக்கும் வரும்.

உணர்ச்சியைப் படிக்கும் கேமராக்கள் வந்துவிட்டனவே?

அவை படிப்பது அசைவை. 2019-ல் லீசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளை அலசினார்கள். கோபமாக இருக்கும்போது மனிதர்கள் புருவம் நெரித்து முறைப்பது ஏறத்தாழ 30 சதவீத வேளைகளில்தான் என்று தெரிந்தது. மற்ற வேளைகளில் கோபம் வேறு வடிவம் எடுக்கிறது. அழலாம், சிரிக்கலாம், அமைதியாக வெளியேறலாம். ஆழ்ந்து யோசிப்பவரும் புருவம் நெரிப்பார். 2022-ல் மைக்ரோசாஃப்ட் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நேர்முகத் தேர்வில் என் அப்பா போன்ற ஒருவர் இப்படியொரு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது, அந்தத் தடை இங்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வலிந்து சிரித்தால் மனம் மகிழுமா?

கொஞ்சம். 19 நாடுகளில் ஏறத்தாழ 3,900 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், சிரித்த முகத்தைப் பார்த்து அதுபோலச் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி சிறிதளவு கூடியது. பேனாவைப் பல்லில் கடித்து வாயைச் சிரிப்பு வடிவத்துக்குக் கொண்டுவரும் பழைய உத்திக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. மனச்சோர்வில் இருப்பவரிடம் போய் "சிரி, சரியாகிவிடும்" என்று சொல்ல இதில் இடமில்லை.

கைக்குழந்தைக்கு நம் முகம் புரியுமா?

புரிவதோடு நிற்பதில்லை, அதை வைத்து முடிவெடுக்கவும் செய்கிறது. 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் தவழ விட்டார்கள். பாதித் தூரத்துக்குப் பிறகு கண்ணாடிக்கு அடியில் 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும். ஆபத்தா இல்லையா என்று குழந்தைக்கே ஐயம் வரும் ஆழம் அது. எதிர்ப்பக்கம் அம்மா நிற்கிறார். அவர் பேசக் கூடாது, முகம் மட்டும் காட்ட வேண்டும். அம்மா மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். அஞ்சிய முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையைப் பார்ப்பது கடினம். கொஞ்சி விளையாடும் அம்மா திடீரென்று முகத்தை அசைக்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துக் காட்டும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றுக்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். சில நிமிடங்கள்தான். பால் கொடுத்துக்கொண்டே கைபேசியைப் பார்க்கிற எந்த அம்மாவையும் குற்றம் சொல்ல இதை எடுக்க வேண்டாம். அம்மாவின் முகம் திரும்ப உயிர்பெற்றதும் குழந்தையும் திரும்பி வருகிறது. அந்தப் பகுதியும் சோதனையில் உண்டு.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் அவ்வளவு முகபாவம் காட்டுகிறார்கள்?

அது இலக்கணம். பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்வியாகிவிடும். தமிழில் 'வந்தான்' என்பதோடு ஆகாரம் சேர்த்து 'வந்தானா' என்பது போல. அமெரிக்கச் சைகை மொழியில் யார், எங்கே என்ற கேள்விகளுக்குப் புருவம் சுருங்கும். செய்தி வாசிப்பின் ஓரத்தில் தெரியும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள், ஒரு மொழியின் இலக்கணத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2020-ல் முகக்கவசம் வந்தபோது காதுகேளாதவர்கள் பட்ட பாட்டுக்கு, உதட்டசைவு மறைந்ததோடு இதுவும் ஒரு காரணம்.

காலையில் எழுந்தால் வாய் கோணியிருக்கிறது. பக்கவாதமா?

நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முகநரம்பு மட்டும் பாதிக்கப்படும் முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி அசையும், ஏனென்றால் முகத்தின் மேற்பகுதிக்கு மூளையின் இருபுறமிருந்தும் கட்டளை வருகிறது. இது மருத்துவர் பார்க்கும் அடையாளம், வீட்டில் காத்திருக்கக் காரணம் அல்ல. முகவாதமாக இருந்தாலும் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் பலன் தரும். மூடாத கண் உலராமல் காக்கவும் வேண்டும். பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகிறார்கள்.

பார்க்கின்சன் நோயில் முகத்துக்கு என்ன ஆகிறது?

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால் அசைவுகள் எல்லாம் மெதுவாகிச் சிறிதாகின்றன. கையெழுத்து சிறுத்துப்போவதைப் போல முகபாவமும் சிறுக்கிறது. இமைப்பது குறைகிறது. குரலும் தாழ்கிறது. பார்ப்பவருக்கு அது சலிப்பாகவும் கோபமாகவும் புத்தி மங்கியதாகவும் தெரிகிறது. பழகிய மருத்துவப் பணியாளர்கள்கூட இப்படித் தவறாகக் கணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வு இந்த நோயில் உண்மையாகவே வரக்கூடியது என்பதால், முகத்தை வைத்து அதை முடிவு செய்வது இரண்டு பக்கமும் ஆபத்து.

முகம் பதில் சொல்லாதவரிடம் எப்படிப் பேசுவது?

மோபியஸ் கோளாறோடு, அதாவது முகத்தை அசைக்க முடியாத நிலையோடு, பிறந்த கேத்லீன் போகார்ட் இன்று அமெரிக்காவில் உளவியல் பேராசிரியர். அவருடைய ஆய்வுகள், பிறவியிலேயே இந்த நிலை உள்ளவர்கள் குரலாலும் கையசைவாலும் சொல்தேர்வாலும் ஈடுசெய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டுகின்றன. நடுவயதுக்குப் பிறகு முகத்தை இழந்தவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. ஆகவே நாம்தான் இடம் மாற வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து ஊகிப்பதை நிறுத்திவிட்டு வாய்விட்டுக் கேட்டோம்: "இது உங்களுக்குப் பிடித்ததா?" பதில் வரப் பத்து எண்ணும் நேரம் காத்திருந்தோம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினோம். கதை பிடித்தால் ஒரு முறை, மேலே சொல் என்றால் இரண்டு முறை என்று கையை அழுத்த அவரே ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவோம்: "முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

கோபமா என்று கேட்டுப் போன அந்த உறவினர் அடுத்த முறை வந்தபோது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்த் திருவிழாவில் தேர் வடம் அறுந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். நடுவில் நிறுத்த முயன்றபோதெல்லாம் அப்பா இரண்டு முறை அழுத்தினார்.